சீந்தில் கேப்சூல் சாப்பிடுகிறேன், இன்ஹேலரை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. ஆறு வருடமாகக் காலையில் எழுந்தால் இருபது, முப்பது தும்மல், மூக்கில் தண்ணீர், கண் அரிப்பு. இரண்டு வருடமாக இரவில் இருமலும் வீசிங்கும் சேர்ந்துகொண்டன. நீல நிற இன்ஹேலரும், காலை மாலை இழுக்க ஸ்டீராய்டு கலந்த இன்னொரு இன்ஹேலரும் டாக்டர் கொடுத்திருக்கிறார். செட்ரிசின் போட்டால் தும்மல் நிற்கிறது, ஆனால் தூக்கம் தள்ளுகிறது. இரண்டு மாதமாகத் தினம் இரண்டு சீந்தில் கேப்சூல் சாப்பிடுகிறேன். காலையில் ஆடாதோடை, கற்பூரவள்ளி, மிளகு போட்ட கஷாயம். தும்மல் பாதியாகக் குறைந்திருக்கிறது. தைராய்டு குறைவுக்கும் மாத்திரை எடுக்கிறேன். இனி இன்ஹேலரை நிறுத்தலாமா? என் 7 வயது மகனுக்கு நிலக்கடலை ஆகாது, உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும். அவனுக்கும் இந்த மூலிகைகளைக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு காரியங்களை இன்றே செய்துவிடுங்கள்; மீதியைப் பொறுமையாகப் படிக்கலாம். சீந்தில் கேப்சூலை நிறுத்துங்கள். காலை மாலை இழுக்கும் இன்ஹேலரை ஒரு வேளைகூட விடாதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தும்மல். வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சியோ, பூஞ்சையோ, கரப்பான் கழிவோ உங்களுக்கு ஆகவில்லை என்றால், அதற்கென்றே உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைக்கிறது. அந்தப் புரதம் மூக்கின் உட்சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். தூசி வந்து பட்டதும் செல் உடைத்துக்கொண்டு ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. அரிப்பு, தும்மல், மூக்கொழுகல் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் நடப்பவை. செட்ரிசின் தடுப்பது இந்தக் கட்டத்தை.

ஆனால் அத்தோடு முடிவதில்லை. நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து இயோசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்து, சவ்வை வீங்க வைக்கின்றன. மூக்கில் இது நடந்தால் அடைப்பு. மூச்சுக்குழாயில் நடந்தால் இரவு இருமல், வீசிங். இந்த இரண்டாம் கட்டத்தில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு. அதை அடக்குவது உங்கள் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். ஆகவே தும்மல் பாதியானதை வைத்து மூச்சுக்குழாய் ஆறிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. தும்மல் குறைந்த நிம்மதியில் இன்ஹேலரை விட்டவர்களுக்கு, ஒன்றிரண்டு வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஒரு மழை நாளிலோ சளி பிடித்த இரவிலோ மூச்சு முட்டிக்கொண்டு வரும். மருந்தின் தாக்கம் மெதுவாகத் தேய்வதால்தான் அந்த ஒன்றிரண்டு வாரம் ஏமாற்றுகிறது.

நீல இன்ஹேலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பது சால்புட்டமால். சுருங்கிய குழாயை விரிக்கும், வீக்கத்தைத் தொடாது. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் அது தேவைப்பட்டால் உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். நீலத்தை மட்டுமே நம்பி ஆஸ்துமாவை நடத்தக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019 முதல் சொல்லிவருகிறது.

இனி மூலிகைக்கு வருவோம். ஒவ்வாமை மருத்துவத்தில் செடிகளுக்கு இடமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். எகிப்திலும் மத்தியதரைக்கடல் ஓரத்திலும் வளரும் அம்மி விஸ்னாகா என்ற செடியின் விதையில் கெல்லின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்துப் புதிய சேர்மங்களைச் செய்து, ஒவ்வாமையைத் தூண்டும் பொருளைத் தானே மூச்சில் இழுத்து ஆஸ்துமாவை வரவழைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தன் உடம்பிலேயே சோதித்தார் ரோஜர் ஆல்டூன்யன் என்ற மருத்துவர். அவரே ஆஸ்துமாக்காரர். 1965இல் கிடைத்த சோடியம் குரோமோகிளைகேட், மாஸ்ட் செல் உடையாமல் காக்கும் மருந்தாக இன்றும் கண் சொட்டு மருந்தில் இருக்கிறது. சீனத்து எஃபெட்ரா செடியிலிருந்து 1885இல் நாகாய் நாகாயோஷி பிரித்த எஃபெட்ரின் ஒரு காலத்தில் ஆஸ்துமாவுக்கு முக்கிய மருந்து. நம் ஆடாதோடையில் இருக்கும் வாசிசினை மாற்றி அமைத்துத்தான் ப்ரோம்ஹெக்ஸின் வந்தது. இருமல் சிரப் பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செடியில் இருந்த பொருள் அப்படியே மருந்தாகிவிடவில்லை. எந்தப் பாகம், எந்தச் சேர்மம், எத்தனை மில்லிகிராம், எந்த வழியாக உள்ளே போகிறது என்பதெல்லாம் தீர்மானமான பிறகே மருந்தானது. உங்கள் கேப்சூலில் இந்த நான்கும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பல நேரம் அந்த ஆய்வு எப்படி நடக்கிறது தெரியுமா? எலியின் மாஸ்ட் செல் போன்ற ஒரு செல் வகையைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பார்கள். ஒவ்வொரு குழியிலும் இலைச்சாற்றை வேறு வேறு அளவில் ஊற்றி, பிறகு ஒவ்வாமைப் பொருளைச் சேர்ப்பார்கள். செல் உடைந்தால் குழியின் நிறம் மாறும். சாறு ஊற்றிய குழி நிறம் மாறவில்லை என்றால் ‘ஒவ்வாமையைத் தடுக்கிறது’ என்று எழுதலாம். தவறில்லை, ஆராய்ச்சி அங்கேதான் தொடங்க வேண்டும். ஆனால் அங்கே ஊற்றும் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதே அடர்த்தி ரத்தத்தில் வர 500 மில்லிகிராம் சாறு, ஜீரணத்தில் சிதையாமல், கல்லீரலில் மாறாமல், முழுசாக, ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருந்தாக வேண்டும். வாய் வழியாகச் சாப்பிட்டு அது நடக்காது. வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டின் தட்டில் மிக நன்றாக வேலை செய்கிறது. சாப்பிட்டால் அந்த அடர்த்தி ரத்தத்தில் வருவதில்லை. மஞ்சளும் அப்படியே. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் 3 கிராம் என்றால், அதில் குர்குமின் 3 சதவீதம் போல, அதாவது 90 மில்லிகிராம்தான். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் பொதுவாக 500 மில்லிகிராமிலிருந்துதான் கொடுக்கிறார்கள்.

சீந்திலுக்கு மனிதர்களிடம் நடந்த சோதனை உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில் மூக்கு ஒவ்வாமை உள்ள 75 பேருக்கு எட்டு வாரம் சீந்தில் சாறோ, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். சாறு எடுத்தவர்களுக்குத் தும்மலும் மூக்கொழுகலும் நன்றாகக் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் 75 பேர், எட்டு வாரம் என்பது ஒரு தொடக்கம். வருடக்கணக்கில் சாப்பிடலாம் என்று சொல்ல அது போதாது.

கொரோனா காலத்தில் நாடே சீந்திலைக் குடித்தது. அதன் பிறகு 2021இல் மும்பையிலிருந்து, சீந்தில் எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததாகக் கல்லீரல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் பல மருத்துவமனைகளைச் சேர்த்து 43 பேரின் விவரம் வந்தது. உடம்பின் எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு அது. பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு முன்பே தைராய்டு குறைவு இருந்தது. நீங்கள் தைராய்டு மாத்திரை எடுப்பதாக எழுதியதைப் படித்ததும் என் கவலை அங்கேதான் போனது. தைராய்டு குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் உடம்பின் எதிர்ப்பாற்றல் தைராய்டு சுரப்பியையே தாக்குவது. எதிர்ப்பாற்றலைத் ‘தூண்டும்’ என்று விற்கப்படும் ஒன்றை, எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே தடம் மாறிய உடம்பில் மாதக்கணக்கில் ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. ஒவ்வாமையும் எதிர்ப்பாற்றல் குறைந்து வருவதில்லை. வேண்டாத பொருளின் மீது அது அளவுக்கு மீறிப் பாய்வதால் வருவது. ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்ற சொல்லே உங்கள் நோய்க்குப் பொருந்தாது.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது. ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவுகளை ஏற்கவில்லை. டைனோஸ்போரா கார்டிஃபோலியாதான் சீந்தில், அதேபோல் தோன்றும் டைனோஸ்போரா கிரிஸ்பாவை மாற்றிச் சாப்பிட்டால் தீங்கு வரலாம் என்றது. கிரிஸ்பாவின் தண்டு முழுக்கப் பரு பருவாக முண்டுகள் இருக்கும், கொடியைக் கையில் வைத்துப் பார்ப்பவர் பிரித்துவிடலாம். காயவைத்து, பொடித்து, கேப்சூலுக்குள் அடைத்த பிறகு உங்களாலும் என்னாலும் பிரிக்க முடியாது. ஆக, யார் சொல்வது சரியானாலும் உங்கள் கையில் இருக்கும் புட்டிக்கு முடிவு ஒன்றுதான்.

கேப்சூலை நிறுத்திவிட்டு இந்த வாரமே கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். லேபில் ‘எல்எஃப்டி’ என்று கேட்டால் போதும். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிருபின் மூன்றையும் பாருங்கள். எல்லாம் இயல்பு என்றால் நான்கு வாரம் கழித்து ஒரு தடவை மறுபடி பார்த்துவிட்டு மறந்துவிடலாம். எஸ்ஜிபிடி இயல்பின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினாலோ, பிலிருபின் ஏறியிருந்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, பசியே இல்லாமல் குமட்டினாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். போகும்போது புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். ‘ஏதோ மூலிகை’ என்று சொன்னால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

கஷாயத்துக்கு நான் தடை சொல்லவில்லை, ஆனால் எதற்காகக் குடிக்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும். கற்பூரவள்ளியில் இருக்கும் தைமால், கார்வகரால் இரண்டும் வாசனை எண்ணெய்கள். சூடாகக் குடிக்கும்போது தொண்டை இதமாகிறது, மூக்கு திறந்த மாதிரி இருக்கிறது. அந்த இதம் உண்மையானது, ஒவ்வாமைக்கு அது மருந்தாகாது. இரண்டு, மூன்று இலை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதித்தால் போதும்.

ஆடாதோடை கெட்டிச் சளியை இளக்கும். ஒவ்வாமையில் வருவது தண்ணீராக ஒழுகும் மூக்கு. அங்கே இளக்குவதற்கு என்ன இருக்கிறது? சளி கட்டிய இருமல் இருக்கும் நாலைந்து நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தினசரிப் பானமாக வேண்டாம். கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே ஆடாதோடையைத் தொடாதீர்கள், கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. மிளகில் இருக்கும் பைப்பரின் வேறு சில மருந்துகள் ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டக்கூடியது. சமையலில் போடும் அளவுக்குப் பயமில்லை, ‘பைப்பரின் சேர்த்தது’ என்று எழுதிய கேப்சூல்களில் எச்சரிக்கை வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்தே கஷாயமோ காப்பியோ குடியுங்கள். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் மாத்திரை சரியாக ஏறாமல் போகலாம்.

அடுத்து யாராவது உங்களிடம் சொல்லப்போகும் சில பெயர்களையும் இப்போதே பார்த்துவிடலாம். நஞ்சறுப்பான் இலையை 1960களின் இறுதியில் டெல்லியில் டாக்டர் ஷிவ்புரி குழுவினர் முறையாகச் சோதித்தார்கள். தினம் ஓர் இலை, ஆறு நாள் மென்று தின்ன வேண்டும். சிலருக்கு ஆஸ்துமா குறைந்தது. வாய்ப்புண், குமட்டல், நாக்கில் உப்புச் சுவை தெரியாமல் போவது போன்ற தொல்லைகளும் வந்தன. பிறகு 1979இல் வெளியான இன்னொரு சோதனையில் வெற்று மருந்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐரோப்பாவில் பட்டர்பர் என்ற செடியின் இலைச்சாறு, 2002இல் வெளியான 125 பேர் ஆய்வில் செட்ரிசினுக்கு இணையாக நின்றது. அந்தச் செடியிலேயே கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகளும் இருப்பதால், அவற்றை நீக்கிய சாறுதான் மருந்தாகும். பச்சையாகத் தொடக் கூடாது. அதிமதுரத்தை மாதக்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நிலவேம்பு எடுத்தவர்களில் சிலருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்ததை ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இல் ஆராய்ந்து எச்சரித்தது. ஒவ்வாமைக்காரர் செடிச்சாறு குடிக்கும்போது புதிதாக இன்னோர் ஒவ்வாமைப் பொருளையும் உள்ளே விடுகிறார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நம் ஊர்ப் பார்த்தீனியத்தைத் தொட்டு அரிப்பு வந்தவர்களுக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தியும் கெமோமில் தேநீரும் ஆகாமல் போகலாம்.

ஒரு பொடி இரண்டே நாளில் வீசிங்கை அடியோடு நிறுத்தி, பசியும் எக்கச்சக்கமாக எடுத்து, முகமும் உப்பினால் சந்தோஷப்படாதீர்கள். அதில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கக்கூடும். அதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

அப்படியானால் உங்கள் தும்மல் பாதியானது எதனால்? சீந்திலாக இருக்கலாம். பருவம் மாறியதாக இருக்கலாம், இன்ஹேலரை ஒழுங்காக இழுத்ததாக இருக்கலாம். ஒரு நோட்டுப் போட்டால் தெரிந்துவிடும். தும்மல், மூக்கொழுகல், அடைப்பு, அரிப்பு நான்குக்கும் காலையும் இரவும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் இல்லை, 3 என்றால் வேலையோ தூக்கமோ கெட்டது. ஒரு நாளைக்கு மொத்தம் 24. நீல இன்ஹேலர் எத்தனை தடவை, கம்பெனிக்குப் போன நாளா, லீவு நாளா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு வாரம் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் எண் இறங்கித் திங்கள் ஏறினால் காரணம் செக்கிங் டேபிளின் பஞ்சுத்தூசியில் இருக்கிறது. ஞாயிறு காலையும் அதே எண் என்றால் உங்கள் தலையணையில் இருக்கிறது.

இப்போது சிகிச்சை. மூக்குக்கு நீங்கள் இன்னும் ஆரம்பிக்காத முக்கிய மருந்து ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. ஃபுளூட்டிகசோன் அல்லது மோமெட்டசோன் என்று டாக்டர் எழுதித் தருவார். பலர் இரண்டு நாள் அடித்துவிட்டு ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். முழுப்பலன் வர ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அடிக்கும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை, நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து இருக்கட்டும். அடித்ததும் மெல்ல முகருங்கள். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். ரத்தம் கசிந்தால் முனை நடுச்சுவரில் படுகிறது என்று அர்த்தம்.

ஸ்பிரேக்கு முன்னால் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். 240 மில்லி தண்ணீருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் உப்பு, அதாவது அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய. அயோடின் சேர்க்காத உப்பாக இருந்தால் எரிச்சல் குறையும், ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் போடலாம். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்தே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடவே கூடாது. கேரளத்தில் மூளையைத் தாக்கிய அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. செட்ரிசினில் தூக்கம் வருவதால் ஃபெக்ஸோஃபெனடின் பற்றிக் கேளுங்கள். அதைப் பழச்சாறோடு விழுங்காதீர்கள், மருந்து ஏறும் அளவு குறைந்துவிடும். உடனே மூக்கடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளைக்கு மேல் போட்டால், அந்த மருந்தாலேயே மூக்கு அடைக்கத் தொடங்கும்.

தலையணை உறை, போர்வையை வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வேலையில் நல்ல முகக்கவசம் போடுங்கள். எதற்கு ஒவ்வாமை என்று அறியத் தோல் பரிசோதனை செய்யலாம்; அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசினை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே ‘இல்லை’ என்று வரும். இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை. தூசிப்பூச்சிதான் காரணம் என்று உறுதியானால், ஆஸ்துமா கட்டுக்குள் வந்த பிறகு, ஆகாத பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும், மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்கும் ஒவ்வாமைத் தடுப்புச் சிகிச்சை பற்றியும் பேசலாம். இன்ஹேலர் அளவைக் குறைப்பது மூன்று மாதம் கட்டுக்குள் இருந்து, நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் பரிசோதனையும் நன்றாக வந்த பிறகு, டாக்டர் ஒரு படி, ஒரு படியாகச் செய்ய வேண்டியது.

உங்கள் மகனுக்கு எந்த மூலிகையும் வேண்டாம். உணவு ஒவ்வாமைக்கென்றே சீன மூலிகைகளைச் சேர்த்துச் செய்த ஒரு கலவை எலிகளிடம் நிலக்கடலை ஒவ்வாமையை அருமையாகத் தடுத்தது. அமெரிக்காவில் அதைப் பலவித உணவு ஒவ்வாமை உள்ள 68 பேரிடம், தினம் மூன்று வேளை பத்துப் பத்து மாத்திரையாக ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் நடக்கவில்லை. எலியில் கண்டதை நம்பி உங்கள் பையனிடம் ஒரு கடலையைக் கொடுத்துப் பார்க்கும் நாள் வரவே கூடாது.

அவனுக்கு உதடு வீங்கியதோடு தடிப்பும் பரவியிருக்கிறது என்றால், அடுத்த தடவை மூச்சு அடைக்கலாம், ரத்த அழுத்தம் விழலாம். அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி மட்டுமே. தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம், 20 கிலோ பையனுக்கு 0.2 மில்லிகிராம். செட்ரிசினோ கஷாயமோ கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். குரல் கரகரத்தால், இருமல் விடாமல் வந்தால், வாந்தி எடுத்தால், துவண்டு போனால் காலைச் சற்று உயர்த்திப் படுக்கவையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவையுங்கள். எழுந்து நடக்க விடாமல் 108ஐ அழையுங்கள். குழந்தை ஒவ்வாமை நிபுணரைப் பார்த்து, வீட்டில் வைக்க ஊசி ஏற்பாடு செய்ய முடியுமா, எப்படிப் போடுவது என்று நீங்களும் வீட்டுக்காரரும் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளியில் டீச்சரிடமும் சத்துணவுக்கூடத்திலும் எழுதிக் கொடுங்கள். கடலை மிட்டாய் மட்டுமல்ல, செக்கில் ஆட்டிய கடலெண்ணெயையும் ஒதுக்கச் சொல்லுங்கள். சுத்திகரிக்காத எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். சட்னிக்குப் பொட்டுக்கடலை என்று நினைத்து நிலக்கடலையை அரைத்துவிடுவதும் நடக்கிறது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.